ஹைட்டியில் ஒரு மிஷன் பள்ளியையும் திருச்சபையையும் தாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹைட்டியில் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை அரசு நடத்துபவை அல்ல. அவற்றுள் பெரும்பகுதி ஏதேனும் ஒரு திருச்சபையைச் சார்ந்தே நடக்கின்றன. 1860-இல் வத்திக்கானோடு நாடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் வந்த கத்தோலிக்கத் துறவற சபைகளின் பழைய பள்ளிகளும் இதில் அடங்கும். ஞாயிறன்று ஆராதனை நடந்த தகரக் கொட்டகையிலேயே திங்களன்று பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு வகுப்பு நடத்தும் கிராமத்துச் சபைகளும் அடங்கும். ஆகவே வெளிநாட்டிலுள்ள ஒரு சபையோ நண்பர் குழுவோ அங்குள்ள மிஷன் பள்ளி ஒன்றுக்கு உதவ முன்வரும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதற்கு இருக்கும் ஒரே வழியில் தலையிடுகிறோம் என்பதை முதலிலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இத்தகைய சிறு உதவிக் குழு ஒன்றின் கணக்குகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் வந்தடைந்த முடிவு ஒன்றே: ஆசிரியரின் மாதச் சம்பளம் தவறாமல் போய்ச் சேரும் பள்ளி எப்படியாவது நடந்துவிடும், அது தவறும் பள்ளி, புதுக் கட்டடமும் கணினியும் இருந்தாலும் இரண்டு பருவங்களில் காலியாகிவிடும். கீழே வரும் படிகளை அந்த முன்னுரிமையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: பள்ளி இருக்கும் இடத்தின் நிலையை அறிதல்

2021 ஜூலை 7 அன்று அதிபர் ஜோவனேல் மொய்ஸ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அதன்பின் நாட்டில் ஆயுதக் கும்பல்களின் ஆதிக்கம் பெருகி, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் மிகப் பெரும்பகுதி அவற்றின் கைக்குள் போயிற்று. 2024 மார்ச் முதல் மே வரை தலைநகர் விமான நிலையம் மூடிக் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் பயணிகள் விமானங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததால் மீண்டும் மூடப்பட்டது. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கை 2025-இல் 10 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் இந்தச் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. வடக்கே கேப் ஹைட்டியன் நகரைச் சுற்றியுள்ள பள்ளிகள் ஓரளவு ஒழுங்காக நடக்கும் அதே வாரத்தில், தலைநகரின் பள்ளி வளாகங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும். தென்மேற்குத் தீபகற்பத்தில் நிலைமை வேறு விதம்: தலைநகரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை மார்ட்டிசான் பகுதியில் 2021 ஜூன் முதல் கும்பல்களின் பிடியில் இருப்பதால், ஊர் அமைதியாக இருந்தாலும் சுண்ணக்கட்டி முதல் சிமென்ட் வரை எல்லாமே சுற்றி வந்து விலை ஏறித்தான் கிடைக்கும். நெல் விளையும் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கும் இப்போது பாதுகாப்பான பகுதியன்று. எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: பள்ளி எந்த மாவட்டத்தில், எந்தச் சாலையில் இருக்கிறது, கடந்த கல்வியாண்டில் எத்தனை நாள் வகுப்பு நடந்தது, எத்தனை ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இவற்றுக்கு எண்களோடு பதில் வரவில்லையென்றால், பேசுபவர் பள்ளியிலிருந்து தொலைவில் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: பள்ளி யாருடையது என்று கேட்டல்

இந்தக் கேள்வியைக் கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கும். போதகரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குவார்கள். கேட்டே ஆக வேண்டும். ஹைட்டியின் கிராமப்புறங்களில் ஒரே மனிதர் சபையின் போதகராகவும், பள்ளியின் நிறுவனராகவும், நிலத்தின் உரிமையாளராகவும் இருப்பது சர்வ சாதாரணம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் காலமானாலோ நாட்டைவிட்டு வெளியேறினாலோ பள்ளி அவருடைய வாரிசுகளின் சொத்தாகிவிடும் என்பதுதான் நம் கவலை.

பார்க்க வேண்டிய ஆவணங்கள் சிலவே. பள்ளி நடத்துவதற்கான கல்வி அமைச்சகத்தின் அனுமதி முதலாவது. பல தனியார் பள்ளிகள் இது இல்லாமலே நடக்கின்றன, அப்படியானால் அதைப் பெறுவதற்கு உதவுவதையே உங்கள் முதல் ஆண்டு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டு விவகாரங்களையும் கவனிக்கும் வெளியுறவு அமைச்சகத்தில் சபை பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது நிலப் பத்திரம். அந்நாட்டில் நில அளவைப் பதிவேடு மிகவும் பலவீனமானது. ஒரே மனைக்கு இருவர் பத்திரம் காட்டும் வழக்குகள் ஏராளம். நொத்தாரிசு, அதாவது பத்திரங்களைச் சான்றளிக்கும் அலுவலர், முன் எழுதிய பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிவதற்கு முன் அந்த மண்ணில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

கூடவே, பெற்றோர் இருவர், ஆசிரியர் ஒருவர், சபை மூப்பர் ஒருவர் என்று போதகரின் குடும்பத்தைச் சேராத நால்வரேனும் இருக்கும் ஒரு பள்ளிக் குழுவை அமைக்கச் சொல்லுங்கள். போதகரும் அதில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வரவுசெலவுத் திட்டம்

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு; எங்கள் குழுவே இதில் தடுக்கி விழுந்தது. ஹைட்டியின் நாணயம் கூர்ட். 1912 முதல் 1980-களின் இறுதி வரை 5 கூர்ட்டுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற நிலையான மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு போய் நெடுங்காலமாகியும், மக்கள் இன்றும் 5 கூர்ட்டை 'ஒரு டாலர்' என்றே சொல்லிக் கணக்குப் போடுகிறார்கள். ஹைட்டி டாலர் என்று ஒரு நோட்டோ காசோ கிடையாது. அது வாய்க்கணக்கில் மட்டும் வாழும் பணம். கூரைத் தகடு மாற்ற '4,000 டாலர்' என்று எங்களுக்கு ஒரு தாள் வந்தபோது, இவ்வளவு பெரிய தொகையா என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். அவர்கள் கேட்டது 20,000 கூர்ட். அண்மை ஆண்டுகளின் மாற்று விகிதமான டாலருக்குச் சுமார் 130 கூர்ட் என்ற கணக்கில் ஏறத்தாழ 150 அமெரிக்க டாலர். பள்ளியை ஏமாற்றுக்காரர் கூடாரம் என்று ஒருவர் சொல்லியே விட்டார். மறுநாள் அவரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

எனவே திட்டம் முழுவதும் கூர்ட்டில் எழுதப்பட வேண்டும். அமெரிக்க டாலர் மதிப்பைப் பக்கத்தில் தனியே, எந்த நாளின் விகிதம் என்பதோடு குறிக்க வேண்டும். பெற்றோர் கட்டும் கல்விக் கட்டணத்தை வரவில் காட்டச் சொல்லுங்கள். கட்டணமே வாங்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லத் தோன்றும். நான் அதற்கு உடன்படமாட்டேன். சிறு தொகையாயினும் கட்டும் பெற்றோர்தாம் ஆசிரியர் வரவில்லையென்றால் வந்து கேட்பார்கள். கட்ட இயலாத பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கும் பட்டியலைப் பள்ளிக் குழு தயாரிக்கட்டும். அதில், பிறர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டு வளரும் 'ரெஸ்தவெக்' பிள்ளைகளையும், இடம்பெயர்ந்து வந்து பழைய பள்ளிச் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளைகளையும் மறவாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பணம் போகும் வழி

மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த தர்மப்பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்த பவுல், யாரும் தம்மீது குற்றம் காணாதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் உடன் சேர்த்துக்கொண்டதாகக் கொரிந்து சபைக்கு எழுதுகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்பது அவர் கூறும் காரணம். மிஷன் பணம் அனுப்புவோருக்கு இதைவிடத் தெளிவான நடைமுறை விதி தேவையில்லை.

பணம் பள்ளியின் அல்லது சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். அருகில் வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் கைப்பேசிப் பணப்பை மூலம் ஒவ்வோர் ஆசிரியருக்கும் நேரடியாகச் சம்பளம் அனுப்பலாம். ஹைட்டியில் டிஜிசெல் நிறுவனத்தின் மோன்கேஷ் பரவலாகப் பயன்படுகிறது. பணக்கட்டோடு சாலையில் போகும் அபாயம் இதனால் குறைகிறது. யாரேனும் பயணம் போகிறார்கள் என்பதற்காக அவர் பையில் ரொக்கம் கொடுத்தனுப்புவது பெருந்தவறு.

சட்டத்தின் பக்கத்தையும் கவனியுங்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2022 அக்டோபரில் ஹைட்டியின் கும்பல் தலைவர்கள் மீது தடைகள் விதித்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு விவ் அன்சம், கிரான் கிரிஃப் ஆகிய கும்பல் அமைப்புகளைப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தது. சாலையில் லாரியை விடுவதற்காகச் செலுத்தும் 'வழிப்பணம்' அத்தகைய அமைப்பின் கைக்குப் போனால், அனுப்பியவருக்கே வழக்கு வரக்கூடும். எனவே அவ்வழியாகச் சரக்கு கொண்டுபோக வேண்டிய எந்தத் திட்டத்தையும் தொடங்குவதற்கு முன், உங்கள் நாட்டு வழக்கறிஞரிடமும் வங்கியிடமும் எழுத்தில் ஆலோசனை பெறுங்கள். வரிச்சலுகை கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: சம்பளம்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்துவிடும். பிப்ரவரி மாதச் சம்பளத்துக்கு என்று கேட்டால் சபையில் பாதிப்பேர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லாத செலவு அது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான மாதக் காணிக்கை வாக்குறுதிகளை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையை உங்கள் கணக்கில் ஒதுக்கி வைத்த பிறகே முதல் மாதத்துக்கு வாக்குக் கொடுங்கள்.

கல்வியாண்டு முறைப்படி செப்டம்பரில் தொடங்கும். ஆனால் அதை நம்பித் திட்டமிட முடியாது. 2022-இல் பள்ளித் திறப்பு அக்டோபர் 3-க்குத் தள்ளிப்போயிற்று. தலைநகரிலுள்ள வரோ எரிபொருள் கிடங்கைக் கும்பல்கள் செப்டம்பரிலிருந்து முற்றுகையிட்டிருந்ததால், அன்றும் பெரும்பாலான பள்ளிகள் திறக்கவில்லை. 2024-இல் அக்டோபர் 1 அன்றுதான் ஆண்டு தொடங்கியது. வகுப்பு நடக்காத மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி கட்டாயம் எழும். உண்டு என்பதே என் பதில். நிறுத்தினால் அந்த ஆசிரியர் எல்லை தாண்டி டொமினிகன் குடியரசுக்குப் போய்விடுவார், பள்ளி திறக்கும் நாளில் கரும்பலகை முன் நிற்க ஆள் இருக்காது. இதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சம்பளப் பதிவேட்டின் நிழற்படம் மாதந்தோறும் வரட்டும். ஆசிரியர் பெயர், வகுப்பு, வேலை நாள், தொகை, தேதி, கையெழுத்து என்று ஆறு கட்டங்கள் போதும். எங்களுக்கு வந்த ஒரு பதிவேட்டில் ஒன்பது கையெழுத்துகளும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. விசாரித்தபோது, தொலைவிலுள்ளவர்களுக்கும் சேர்த்துத் தலைமை ஆசிரியரே போட்டுவிட்டார் என்று தெரிந்தது. பணம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, வழக்கம்தான் தவறு. அடுத்த மாதப் பதிவேட்டில் கறுப்பு, நீலம், பென்சில் என்று எல்லாம் கலந்திருந்தன. ஒரு கட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாக 'சாலை மூடல், வரவில்லை' என்று அந்நாட்டு மக்களின் மொழியான கிரியோலில் எழுதியிருந்தது. அந்தத் தாளைத்தான் நான் நம்பினேன். தலைமை ஆசிரியரோடு மட்டும் பேசாமல், மாதம் ஓர் ஆசிரியரிடமாவது வாட்ஸ்அப்பில் நேரடியாகப் பேசுவதும் நல்லது.

ஆறாம் படி: புத்தகம், சாப்பாடு, தண்ணீர்

ஹைட்டியர் அனைவரின் வீட்டு மொழி கிரியோல். பள்ளியில் நெடுங்காலம் கோலோச்சியது பிரெஞ்சு. 1982-இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் தொடக்க வகுப்புகளில் கிரியோலைப் பயிற்றுமொழியாக்கியது. 1987 அரசியலமைப்பு இரண்டையும் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. ஆகவே பழைய ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவதால் பயனில்லை. அவை சுங்கத்தில் கிடந்து, புத்தகத்தின் விலையைவிடக் கிடங்குக் கட்டணம் அதிகமாகும். நாட்டிலேயே அச்சாகும் கிரியோல் வாசிப்பு நூல்களை அங்கேயே வாங்கப் பணம் அனுப்புங்கள்.

மதிய உணவுக்கும் இதே விதி. 1995-இல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பின், மலிவான அமெரிக்க அரிசி சந்தையை நிரப்பி உள்ளூர் நெல் விவசாயிகளை நொடித்துப்போகச் செய்தது. அக்கொள்கையை ஆதரித்தது தவறு என்று பில் கிளின்டனே 2010-இல் ஒப்புக்கொண்டார். பள்ளிக்கு அரிசி மூட்டை அனுப்பினால் நாமும் அந்தத் தவற்றைச் சிறிய அளவில் திரும்பச் செய்தவர்களாவோம். ஊர் உழவரிடம் சோளமாவும் பயறும் வாங்கிப் பிள்ளைகளின் தாய்மாரே சமைத்தால், ஒரே செலவு இரண்டு வீட்டு அடுப்பை எரிய வைக்கும்.

2010 அக்டோபரில் ஐ.நா. படையினரின் முகாமிலிருந்து பரவிய காலரா ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2022 அக்டோபரில் மீண்டும் தலைகாட்டியது. குளோரின் கலந்த குடிநீர், சோப்பு, ஒழுங்கான கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாத பள்ளியில் மற்ற எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து முடியுங்கள்.

பள்ளியோடு ஓர் அநாதை இல்லமும் கட்டலாமே என்ற ஆலோசனை எங்கிருந்தாவது வரும். ஹைட்டியின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பள்ளிக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாததால் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். பள்ளியில் அந்த இரண்டும் கிடைத்தால் பிள்ளை மாலையில் தன் வீட்டுக்கே போய்விடும்.

ஏழாம் படி: கட்டடம்

2008 நவம்பர் 7 அன்று தலைநகரை அடுத்த பெத்தியோன்வில் நகரில், ஒரு போதகர் கட்டிய மாடிப் பள்ளி வகுப்பு நேரத்திலேயே இடிந்து விழுந்து 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று நிலநடுக்கமோ புயலோ இல்லை. கம்பியும் சிமென்டும் போதாத கட்டுமானமே காரணம். 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவு நிலநடுக்கமும், 2021 ஆகஸ்ட் 14 அன்று தென்மேற்கில் 7.2 அளவு நிலநடுக்கமும் வந்தன. புயற்காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. கனமான காங்கிரீட் கூரை நிலநடுக்கத்தில் கொல்லும். சரியாகக் கட்டப்படாத தகரக் கூரை புயலில் பறக்கும். ஆகவே, தரைத்தளம் மட்டும், மூலைதோறும் கம்பியிட்ட தூண்களோடு பிணைந்த சுவர், பட்டையிட்டு இறுக்கிய இலேசான கூரை என்ற அளவில் நின்றுகொள்ளுங்கள். பொறியாளரின் கையெழுத்தில்லாத வரைபடத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம். தொகையை அடித்தளம், சுவர், கூரை என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததைப் படத்தில் பார்த்தபின் அடுத்ததை விடுவியுங்கள். அடித்தளம் மூடப்படுவதற்கு முன் கம்பிகளைப் படமெடுக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

எட்டாம் படி: திருச்சபை

பள்ளிக் கணக்கும் சபைக் கணக்கும் வெவ்வேறாக இருக்கட்டும். போதகரின் மாதப் படித்தொகையில் ஒரு பங்கை மட்டும் நாம் ஏற்று, மீதியைச் சபையார் தம் காணிக்கையிலிருந்து கொடுக்கும்படி விட்டுவிடுவது நல்லது. முழுவதையும் வெளிநாடு கொடுத்தால் போதகர் தம் ஆடுகளைவிட நம் மின்னஞ்சலையே அதிகம் பார்ப்பார். ஆராதனை முறை, பாடல், பிரசங்கம் ஆகியவற்றில் தலையிட வேண்டாம். வூடூ வழிபாடு 2003 முதல் அரசு அங்கீகாரம் பெற்ற சமயம். அக்குடும்பங்களின் பிள்ளைகளும் இதே பெஞ்சில் உட்காருவார்கள். ஞானஸ்நானத்தையோ ஆராதனை வருகையையோ பள்ளிச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பயணமும் படங்களும்

2021 அக்டோபரில், தலைநகருக்கு அருகே ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மிஷனரிகளும் அவர்களுடைய குடும்பத்தினருமாக 17 பேர் கடத்தப்பட்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். 2024 மே மாதத்தில் தலைநகரில் ஓர் இளம் மிஷனரித் தம்பதியர் கொல்லப்பட்டனர். வெளிநாட்டவர் வருகையால் விருந்தினருக்கு மட்டுமல்ல, அவரை வீட்டில் தங்கவைக்கும் போதகருக்கும், வண்டி ஓட்டும் இளைஞருக்கும் ஆபத்து வருகிறது. விருந்தினர் விமானம் ஏறிய பிறகும் அவர்கள் அதே ஊரில்தான் இருப்பார்கள். இக்காலத்தில் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பயணச்சீட்டின் விலையில் எத்தனை மாதச் சம்பளம் அடங்குகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் முகம், முழுப்பெயர், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடாதீர்கள். பணம் அனுப்பிய தேதியையும் தொகையையும் பொதுவெளியில் அறிவிக்காதீர்கள். 'இவ்வளவு டாலர் அனுப்பினோம்' என்ற ஒரு மகிழ்ச்சிப் பதிவு, அதைப் பெற்றவரைக் கடத்துவதற்குப் போதுமான தகவல். சபை மக்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் பயிற்சி ஏட்டின் ஒரு பக்கம், சமையற்கூடத்துப் பானை, நிரம்பிய புத்தக அலமாரி போன்றவை போதும்.

பத்தாம் படி: இடர் வரும்போதும் விலகும்போதும்

கும்பல் ஊரை நெருங்கினால் என்ன செய்வது என்பதை அமைதியான நாளிலேயே பேசி எழுதிவையுங்கள்: பள்ளியை மூடும் முடிவை எடுப்பவர் யார், மாணவர் பதிவேட்டின் நகல் எங்கே இருக்கும், ஆசிரியர்கள் எந்த ஊருக்குப் போவார்கள். மூடும் முடிவு முழுவதும் அங்குள்ளவர்களுடையது; வெளியிலிருந்து 'இன்னும் ஒரு வாரம் நடத்துங்கள்' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பதிவேடுகளின் மின்படி நம்மிடம் இருந்தால், இடம்பெயர்ந்த பிள்ளை வேறு பள்ளியில் சேரவும், ஒன்பதாம் ஆண்டு அரசுத் தேர்வுக்குப் பதியவும் அது சான்றாக உதவும்.

ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுகளுக்குச் செய்து, விலகுவதானால் ஒரு முழுக் கல்வியாண்டுக்கு முன்பே தெரிவிப்போம் என்று எழுதிக் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் பள்ளிக் குழுவோடு அமர்ந்து, சம்பளத்தில் பெற்றோர் கட்டணத்தின் பங்கு எவ்வளவு, உள்ளூர்ச் சபையின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று மூன்று எண்களை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நெருக்கடிக் காலத்தில் நம் பங்கு ஏறும், அதில் தவறில்லை. அந்தத் தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அடுத்த செப்டம்பருக்கான முதல் மாதச் சம்பளத்தை ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள்.